எடிட்டிங்கில் பார்த்த நிறம் இணையத்திலும் அப்படியே தெரிய: புடவைப் படங்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

குங்குமச் சிவப்பில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. ஒரு கடைக்காக அதைப் படம் எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எடிட் செய்து அனுப்பி வைத்தேன். மறுநாள் காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன புடவை மாதிரி இருக்குப்பா. இதைப் பார்த்து யார் வாங்குவா?" என் திரையில் அது தகதகவென்றுதான் இருந்தது. அவருடைய இணையதளத்தைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

அவசரத்தில் நான் செய்தது, சிவப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றி மறுபடி அனுப்பியது. தளத்தில் ஓரளவு சரியாகத் தெரிந்தது. ஆனால் அதே படத்தை அவர் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியபோது சிவப்பு கண்ணைக் குத்தியது, மடிப்புகளே தெரியவில்லை. படத்தில் கோளாறு இல்லை, அது போன வழியில்தான் கோளாறு என்று புரிய எனக்கு வெகு நாளானது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். புடவைதான் என் தொழில் என்பதால் உதாரணங்கள் புடவையாகவே இருக்கும். கல்யாணப் படமோ சாப்பாட்டுப் படமோ எடுப்பவருக்கும் வழி இதேதான்.

முதலில்: கோப்புக்குள் நிறம் கிடையாது

ஜேபெக் கோப்புக்குள் இருப்பவை எண்கள் மட்டும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். அந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்பது, எந்த அளவுகோலில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறும். ரெண்டு படி நெல் என்றால், எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். படத்திலும் அப்படித்தான். எந்தப் படியால் அளந்தது என்று கோப்போடு ஒட்டி அனுப்பும் சீட்டுதான் கலர் ப்ரொஃபைல்.

இணையத்தின் படி எஸ்ஆர்ஜிபி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது. 1999-ல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அன்றைய பிக்சர் டியூப் மானிட்டர்கள் எவ்வளவு நிறம் காட்டினவோ அதை ஒட்டி அமைத்தது. அதனால் அது சின்னப் படி. அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது, அதைவிடப் பெரியது. ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி கோடாக் நிறுவனம் உருவாக்கியது. கண்ணால் பார்க்கவே முடியாத சில நிறங்கள் வரைக்கும் அதற்குள் அடங்கும், அவ்வளவு பெரியது. ஆப்பிள் சாதனங்களில் இப்போது இருப்பது டிஸ்ப்ளே பி3. ஐபோன் 7-லிருந்து அதன் திரை இந்த வகைதான்.

இப்போது என் சிவப்புப் புடவைக்கு வருவோம். எஸ்ஆர்ஜிபியின் உச்சச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. நிறம் ஒன்றுதான், பெரிய படி என்பதால் எண் குறைகிறது. சீட்டு கூடவே இருக்கும்வரை வம்பில்லை. தளம் படத்தைச் சுருக்கும்போது சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால், பிரவுசர் 219-ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். 255 ஆக இருக்க வேண்டிய சிவப்பு 219 ஆக மங்கிப்போய்த் தெரியும். எனக்கு நடந்தது இதுதான். நான் அடோபி ஆர்ஜிபியில் அனுப்பியிருந்தேன், தளம் சீட்டை வீசிவிட்டது.

படி 1: திரையைச் சரி செய்யுங்கள்

திரை பொய் சொன்னால் கீழே சொல்லப்போகிற எதுவும் உதவாது. அளவீட்டுக் கருவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். கேலிப்ரைட், டேட்டாகலர் என்று இரண்டு நிறுவனங்களின் கருவிகள் பரவலாகக் கிடைக்கின்றன. லென்ஸ் வாங்கும் பணத்தில் ஒரு பகுதிதான் ஆகும். என்னைக் கேட்டால் இரண்டாவது லென்ஸுக்கு முன்னாலேயே இதை வாங்கியிருக்க வேண்டும் என்பேன். கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லையென்றால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு அளவெடுங்கள். வெண்மை டி65 (6500 கெல்வின்), காமா (இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் விதம்) 2.2, வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு). இந்த மூன்றையும் இலக்காக வைத்தால் போதும். அளவு முடிந்ததும் கருவி ஒரு ப்ரொஃபைல் எழுதித் தரும். அது உங்கள் மானிட்டருக்கு மட்டும் உரியது. படங்களோடு சேர்த்து அனுப்புவதற்கோ, ஃபோட்டோஷாப்பில் ஒர்க்கிங் ஸ்பேஸாக (எடிட் செய்யும் படியாக) வைப்பதற்கோ அது கிடையாது. இந்தக் குழப்பத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கருவி இல்லையா? மானிட்டரின் பட்டன் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் மானிட்டர்கள் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிப் பளிச்சென்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட திரையில் எடிட் செய்தால் படம் பிரகாசமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இருட்டாகவே முடித்து அனுப்புவோம். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை டியூப்லைட் மாதிரி அடித்தால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம்.

நைட் லைட், ட்ரூ டோன் போன்று திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் வசதிகளை எடிட்டிங் நேரத்தில் அணைத்து விடுங்கள். ஜன்னல் வெயில் திரையில் விழ வேண்டாம்.

விண்டோஸில் இன்னொரு தொல்லை உண்டு. மானிட்டர் நிறுவனத்தின் ப்ரொஃபைல் தானாக ஏறி உட்கார்ந்திருக்கும். அது பிழையாக இருந்தால் வெள்ளையெல்லாம் லேசாக மஞ்சள் அடிக்கும், அதுவும் சில மென்பொருள்களில் மட்டும். கலர் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்து அதை நீக்கிவிட்டு எஸ்ஆர்ஜிபியை இயல்பாக வையுங்கள். பிறகு அளவெடுத்த ப்ரொஃபைல் கிடைத்ததும் அதை வைத்துக்கொள்ளலாம்.

படி 2: படம் எடுக்கும்போது

கேமரா மெனுவில் எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பது) எடுத்தால் இந்தத் தேர்வு ரா தரவை ஒன்றும் செய்யாது. ஜேபெக்கில் எடுப்பவர் எஸ்ஆர்ஜிபியிலேயே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தவை எதில் உள்ளன என்று தெரிய ஒரு சின்ன வழி: பல கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி வைத்தால் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். பழைய மெமரி கார்டில் அப்படி வரிசையாகக் கிடந்தால், காரணம் அதுதான்.

ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு கிரே கார்டை (பிறகு வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டை) புடவை மேல் வைத்து முதல் ஷாட் எடுங்கள். கடைக்குள் எல்இடி விளக்கும் வாசல் வெயிலும் கலந்து விழுந்தால் எந்த கார்டும் காப்பாற்றாது; ஒன்றை அணையுங்கள் அல்லது மறையுங்கள்.

படி 3: மென்பொருளின் அமைப்பு

லைட்ரூம் கிளாசிக்கின் டெவலப் பகுதி உள்ளுக்குள் ப்ரோஃபோட்டோ அளவு பெரிய படியில்தான் வேலை செய்கிறது. அதை மாற்றவும் முடியாது, தேவையும் இல்லை. சிக்கல் வருவது அங்கிருந்து ஃபோட்டோஷாப்புக்குப் போகும்போது. லைட்ரூம் வழக்கமாக 16 பிட் ப்ரோஃபோட்டோ கோப்பாகத்தான் அனுப்பும். ஃபோட்டோஷாப்பில் ரீடச் முடித்து, யோசிக்காமல் அங்கேயே ஜேபெக்காகச் சேமித்தால் அது ப்ரோஃபோட்டோ ஜேபெக். சீட்டு கிழிந்தால் அடோபி ஆர்ஜிபியைவிட மோசமாக இருக்கும். முகமெல்லாம் ரத்தமில்லாமல் வெளிறி நிற்கும்.

ஃபோட்டோஷாப்பில் 'எடிட்' மெனுவில் 'கலர் செட்டிங்ஸ்' திறந்து இரண்டு காரியம் செய்யுங்கள். ஆர்ஜிபிக்கான பாலிசியை 'ப்ரிசர்வ் எம்பெட்டட் ப்ரொஃபைல்ஸ்' என்று வையுங்கள். கீழே ப்ரொஃபைல் மாறினாலும் இல்லாவிட்டாலும் 'ஆஸ்க் வென் ஓப்பனிங்' என்பதை டிக் செய்யுங்கள். கோப்பைத் திறக்கும்போது கேள்வி கேட்டுத் தொல்லை செய்யும்தான். ஆனால் எந்தக் கோப்பு சீட்டில்லாமல் வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஒரு வாரம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகினால் அடுத்த வித்தியாசம் கையில் படிந்துவிடும். 'அசைன் ப்ரொஃபைல்' எண்களைத் தொடாது, சீட்டை மட்டும் மாற்றும். அதனால் நிறம் மாறும். 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' நிறத்தைக் காப்பாற்றும். அதற்காக எண்களை மாற்றும். நெல்லை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மறுபடி அளந்து கொட்டுவது கன்வெர்ட். மூட்டையைத் தொடாமல் சீட்டில் ஊர்ப் பெயரை மட்டும் திருத்துவது அசைன். இணையத்துக்கு அனுப்ப வேண்டியது எப்போதும் கன்வெர்ட்தான். சீட்டில்லாமல் வந்த கோப்புக்கு மட்டும் அசைன்: எஸ்ஆர்ஜிபி போட்டுப் பாருங்கள், மங்கலாக இருந்தால் அடோபி ஆர்ஜிபி போட்டுப் பாருங்கள். சட்டென்று நிறம் உயிர்பெற்றால் அதுதான் அதன் ஊர்.

படி 4: சின்னப் படிக்குள் அடங்காத நிறங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடமும் மிகக் கஷ்டமான இடமும் இதுதான்.

அடோபி ஆர்ஜிபி பெரியது என்றேன். எந்தப் பக்கம் பெரியது? சிவப்பின் மூலமும் நீலத்தின் மூலமும் (மற்ற நிறங்களைக் கலக்க அடிப்படையானவை) சாயலில் இரண்டிலும் ஒன்றே. பச்சை மட்டும்தான் தள்ளி நிற்கிறது. எனவே அரக்குப் புடவைக்கும் வாடாமல்லிப் புடவைக்கும் அடோபி ஆர்ஜிபியால் பெரிதாக லாபமில்லை. கிளிப்பச்சைக்கும் மயில்கழுத்துக்கும்தான் உண்டு. பச்சைப் பாவில் நீல ஊடை ஓடி, திருப்பினால் நிறம் மாறும் அந்த மயில்கழுத்துப் பட்டு, நல்ல வெளிச்சத்தில் பல சமயம் எஸ்ஆர்ஜிபியை மீறிப் போய்விடும்.

மீறிய நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும்போது என்ன ஆகும்? விளிம்புக்கு வெளியே இருப்பதெல்லாம் விளிம்பிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். மடிப்பின் மேட்டில் ஒரு பச்சை, சரிவில் ஒரு பச்சை, பள்ளத்தில் ஒரு பச்சை என்று இருந்த மூன்றும் ஒரே பச்சையாகிவிடும். புடவை பிளாஸ்டிக் ஷீட் மாதிரி தட்டையாகத் தெரியும். மாற்றும் முறையாக 'பெர்செப்சுவல்' என்று தேர்ந்தால் மென்மையாகச் சுருக்கும் என்று பலர் சொல்வார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும் 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' மாதிரி வெட்டத்தான் செய்யும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் நாமே பக்குவமாக உள்ளே கொண்டுவர வேண்டும். லைட்ரூம் டெவலப்பில் 'எஸ்' எழுத்தைத் தட்டினால் சாஃப்ட் ப்ரூஃபிங் (வேறொரு ப்ரொஃபைலில் படம் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டம்) வரும். ப்ரொஃபைலாக எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்து, ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது மேல் மூலையில் உள்ள குறியைச் சொடுக்குங்கள். எஸ்ஆர்ஜிபியில் அடங்காத இடங்கள் சிவப்பாகக் காட்டும். ப்ரூஃப் காப்பி ஒன்று உருவாக்கச் சொல்லிக் கேட்கும், உருவாக்கிக்கொள்ளுங்கள். அசல் எடிட் அப்படியே இருக்கட்டும்.

என் வழக்கம் இது. மொத்தப் படத்தின் சாச்சுரேஷனில் (நிறத்தின் அடர்த்தி) கை வைப்பதில்லை. கலர் மிக்சரில் பச்சை, அக்வா இரண்டின் சாச்சுரேஷனை மட்டும் ஐந்து ஐந்தாகக் குறைப்பேன். சிவப்பு எச்சரிக்கை முழுக்க மறையும்வரை போக மாட்டேன். மடிப்புகளின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுவேன். அப்புறம் அதே நிறத்தின் லூமினன்ஸை (வெளிச்ச அளவு) ஒரு சொட்டு இறக்குவேன். நிறம் குறைந்தது அப்போது தெரியாது. இருட்டுப் பச்சை, வெளிறிய பச்சையைவிடச் செழிப்பாகத் தோன்றும். கடைசியாக, அசல் புடவையை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பேன். மயில்கழுத்து நூறு சதவீதம் வராது. வாங்குகிறவர் பிரித்துப் பார்த்ததும் "இதைத்தான் கேட்டேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்தால் போதும்.

ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு 'வியூ' மெனுவில் 'ப்ரூஃப் செட்டப்' போய் 'இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆர்ஜிபி' தேர்ந்து, கன்ட்ரோல்-ஒய் தட்டி மாற்றி மாற்றிப் பாருங்கள்.

படி 5: ஏற்றுமதி

லைட்ரூமில் எக்ஸ்போர்ட் சாளரத்தின் 'ஃபைல் செட்டிங்ஸ்' பகுதியில் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. ப்ரொஃபைலை அதுவே சேர்த்துவிடும். ஃபோட்டோஷாப்பில் 'எக்ஸ்போர்ட் அஸ்' சாளரத்தில் 'கன்வெர்ட் டு எஸ்ஆர்ஜிபி', 'எம்பெட் கலர் ப்ரொஃபைல்' இரண்டையும் டிக் செய்யுங்கள். ஜிம்ப் பயன்படுத்துபவர் 'இமேஜ்' மெனுவின் 'கலர் மேனேஜ்மென்ட்' பகுதியில் மாற்றிவிட்டு, ஏற்றுமதியின்போது ப்ரொஃபைலைச் சேமிக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். டார்க்டேபிளில் எக்ஸ்போர்ட் பகுதியின் ப்ரொஃபைலில் எஸ்ஆர்ஜிபி.

எஸ்ஆர்ஜிபிதானே, சீட்டு எதற்கு, கோப்பு பெருக்குமே என்று சிலர் அதை விட்டுவிடுவார்கள். பரவலாக உள்ள எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலின் எடை மொத்தமே 3 கிலோபைட்தான். சீட்டில்லாத படத்தை எஸ்ஆர்ஜிபியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இணையத்தின் விதி, ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. நிறம் அதிகம் காட்டும் மானிட்டரில் அப்படிப்பட்ட மென்பொருள் எண்களை நேராகத் திரைக்குத் தள்ளிவிடும். சிவப்பெல்லாம் பற்றி எரியும். 3 கிலோபைட்டில் அந்தத் தலைவலி தீர்ந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சிவப்புக் கரை, சிவப்பு எழுத்து உள்ள படங்களில் ஜேபெக் தரத்தை ரொம்பவும் இறக்காதீர்கள். தரம் இறங்கினால் பல மென்பொருள்கள் நிறத் தகவலை மட்டும் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கும். சிவப்பில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கோடு கசிந்து போவது அதனால்தான். ஃபோட்டோஷாப்பின் 'சேவ் அஸ்' ஜேபெக்கில் 6-க்கு மேல் போனால் இந்தச் சுருக்கல் நடக்காது.

படி 6: தளம் என்ன செய்கிறது என்று சோதியுங்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் நிறம் மாறினால் இங்கே பாருங்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் படம் ஏற்றினால் அது பல அளவுகளில் பிரதிகள் எடுக்கும். சர்வரில் இமேஜ்மேஜிக் என்ற பட நூலகம் இருந்தால் ப்ரொஃபைல் தப்பிக்கும். ஜிடி என்ற பழைய நூலகம் மட்டும் இருந்தால் பிரதிகளில் ப்ரொஃபைல் போய்விடும், எண்களும் மாற்றப்படாது. வெப்பி (இணையத்துக்கான இன்னொரு படக் கோப்பு வகை) கோப்பாக மாற்றும் கருவிகளிலும் கவனம் வேண்டும்: வெப்பிக்கு ப்ரொஃபைல் தாங்கும் வசதி உண்டு, ஆனால் சி-வெப்பி என்ற அடிப்படைக் கருவி, கேட்டுக்கொண்டால் தவிர, அதைச் சேர்ப்பதில்லை.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நல்ல நிறங்கள் உள்ள ஒரு படத்தை இரண்டு பிரதியாக்குங்கள்: ஒன்று எஸ்ஆர்ஜிபி, இன்னொன்று வேண்டுமென்றே ப்ரோஃபோட்டோ. இரண்டிலும் சீட்டு இருக்கட்டும். இரண்டையும் தளத்தில் ஏற்றி அருகருகே பாருங்கள். ஒன்றுபோலத் தெரிந்தால் தளம் ப்ரொஃபைலை மதிக்கிறது. ப்ரோஃபோட்டோ படம் மட்டும் வெளிறினால் கிழித்துப் போடுகிறது. பக்கத்தில் தெரியும் சின்ன அளவுப் பிரதியையும் இறக்கி, ஜிம்ப்பில் 'இமேஜ் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து ப்ரொஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிக்கிற தளம் என்று தெரிந்தாலும் கவலை வேண்டாம். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கொடுத்தால் சீட்டு போனாலும் நிறம் நிற்கும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபியைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டிஸ்ப்ளே பி3-ல் ஏற்றலாமா? உங்கள் சொந்தத் தளம், மேலே சொன்ன சோதனையில் தேறியது என்றால் செய்து பாருங்கள். புதிய போன்களில் மயில்கழுத்து நிஜமாகவே அழகாக வரும். கடைக்காரருக்கு அனுப்பும் படத்தில் செய்யாதீர்கள். அது எந்தெந்தக் கைகள் வழியாகப் போகும் என்று நமக்குத் தெரியாது. ஐபோனில் எடுத்த படங்கள் ஏற்கெனவே பி3-ல்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றையும் மாற்றிவிட்டே ஏற்றுங்கள்.

படி 7: அடுத்தவர் திரை

கடைக்காரரின் போனில் நிறம் தூக்கலாக இருந்தால் முதலில் அதன் திரை அமைப்பைப் பாருங்கள். சாம்சங் போன்களில் 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு இருக்கும். விவிட் எல்லா நிறத்தையும் ஏற்றித்தான் காட்டும். ஒப்புதல் வாங்கும்போது நேச்சுரலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "இங்க இப்படித் தெரியுது பாரு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதை நம்பி எடிட் செய்யாதீர்கள். அவர் கண் பார்த்தது ஸ்கிரீன்ஷாட்டில் வராது; அது உங்கள் திரையில் உங்கள் நிறத்தில்தான் திறக்கும். நேரில் போய் அவர் போனையும் புடவையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அந்தக் குங்குமச் சிவப்புப் புடவையை அப்படித்தான் முடித்தேன். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய கோப்பை ஏற்றிவிட்டு, அவர் கடைக்கே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் புடவையை விரித்துப் போனை அதன் மேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி தம்பி, இதுதான் அது" என்றார். பிறகு உள்ளே போய் இன்னும் நாற்பது புடவைகளை எடுத்து வரச் சொன்னார்.